கறுத்த கார்னெட்

பித்தளைக் கருவிகளைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களைக் கிறிஸ்டி மன்னித்துவிடுவாள். அரைகுறையாகத் தெரிந்தவர்களைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது. தென்காசிப் பக்கம் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம் என்பது அவள் எண்ணம். கல்யாண ஊர்வலத்தில் ட்ரம்பெட்டை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு கன்னம் வெடிக்கிற மாதிரி ஊதுகிறவன், ட்ரம்பெட்டுக்கும் கார்னெட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் இரண்டும் ஒன்றுதான், இது கொஞ்சம் குட்டை என்கிறவன், மீரட்டில் போன வருஷம் செய்த சாமானில் 'லண்டன்' என்று எழுத்துப் பிழையோடு வெட்டியிருப்பதைக் காட்டி வெள்ளைக்காரன் காலத்துச் சொத்து என்று நெஞ்சை நிமிர்த்துகிறவன், இவர்கள் எல்லாரும் அவளுக்கு ஒரே ஜாதி. எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பேசியே ஆகவேண்டுமென்றால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுப் போய்விடுவாள்.

தென்காசியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அவள் பேண்டு டீச்சர். சர்ச் பேண்டில் கார்னெட் பழகியவள். அந்த பேண்டில் பெண்பிள்ளைகளுக்குக் கையில் தட்டுகிற டம்போரின்தான் கொடுப்பார்கள். இவள் கார்னெட்டைப் பிடுங்கிக்கொண்டாள் என்று அவள் பிறந்த அச்சன்புதூரில் இன்னமும் சொல்லுவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கையில் போன். உலகம் முழுவதிலும் இருந்து பழைய கருவிகளைச் சேகரிக்கிறவர்கள் கூடுகிற குழு ஒன்று அதில் இருந்தது. யாராவது படம் போட்டு, இது எந்தக் காலத்தது, எங்கே செய்தது என்று கேட்பார்கள். கிறிஸ்டி வால்வின் வடிவத்தையும் குழாயின் வளைவையும் பார்த்துப் பதில் போடுவாள். "பாரிஸ். முதல் உலகப் போருக்கு முந்தியது. மவுத்பீஸ் இதனுடையது அல்ல. பாலிஷ் போட்டுப் பாழாக்கிவிட்டீர்கள்." அவர்கள் நன்றி சொல்வார்கள். இவள் அதற்குப் பதில் போடமாட்டாள்.

அவள் புருஷன் பாண்டியராஜ் தென்காசியில் மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தான். பொறுமைசாலி. நீ மட்டும் டாக்டருக்குப் படித்திருந்தால் நோயாளியை ஏசியே கொன்றிருப்பாய் என்று ஒரு தடவை சொன்னான். அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

அருவியில் சீசன் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் விஜயசங்கர் அவளுக்கு போன் செய்தார். ஐந்தருவி ரோட்டில் அவருக்கு ஒரு பழைய லாட்ஜ் இருந்தது. அதை இடித்துக் கட்டி, 'சாரல் சிம்ஃபனி' என்று பெயர் வைத்து, ரிசார்ட் ஆக்கியிருந்தார். திறப்பு விழாவுக்குப் பள்ளிக்கூட பேண்டு வந்து வாசிக்க வேண்டும், இடத்தை ஒரு தடவை வந்து பாருங்கள் டீச்சர் என்றார். சிம்ஃபனி என்ற சொல்லைக் கேட்டதுமே கிறிஸ்டிக்கு உதடு கோணியது. ஆனாலும் சனிக்கிழமை காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள்.

வரவேற்பறைக்குள் காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சுவர் முழுக்கக் கருவிகள். ட்ரம்பெட்டுகளின் வாய்க்குள் பல்பு எரிந்தது. ஒரு யூஃபோனியத்தின் நடுவில் கடிகாரம். ஒரு ட்ராம்போனைக் குறுக்கே அடித்து அதில் துண்டு காயப்போட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல் தங்க நிறப் பெயின்ட். வால்வு, மூட்டு, எழுத்து எதையும் விடாமல் அடித்த பெயின்ட். ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு பலகை. 'பிரிட்டிஷ் ராணுவம் பயன்படுத்தியது' என்று ஒரு ட்ரம்பெட்டின் கீழே எழுதியிருந்ததைப் பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு முன்புகூட அந்த மாதிரியை மீரட்டில் இருந்து பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்திருந்தார்கள். அதைப் பார்த்து அவளுக்குக் கோபம் வரவில்லை. போலியைக் கொண்டு விளக்கு செய்தால் விளக்காவது மிஞ்சும். ஆனால் மூலையில் இருந்த ஒரு சின்ன ஹார்ன் நிஜமாகவே பழையது. அதன் தொண்டையில் வயர் போக ஓட்டை போட்டிருந்தார்கள். அதைப் பார்த்தபோது பல் கூசியது.

விஜயசங்கர் வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக வந்தார். அறுபதை நெருங்குகிற மனிதர், பேச்சில் குழைவு. எல்லாம் தன் ஐடியாதான் என்றார். கொல்லத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் சாக்கு சாக்காக அள்ளி, செங்கோட்டை வழியாக லாரியில் கொண்டுவந்ததைச் சொன்னார். திறப்பதற்கு முன்னாலேயே, பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் இதன் முன்னால் நின்றுதான் செல்ஃபி எடுக்கிறார்களாம்.

"எப்பிடி இருக்கு டீச்சர்?"

"வெளிச்சம் நல்லா வருது அண்ணாச்சி" என்றாள் கிறிஸ்டி.

அவர் சந்தோஷப்பட்டார். அது அவளுக்கு இன்னும் இளக்காரமாக இருந்தது. திட்டுகிறோம் என்பதுகூடத் தெரியாத ஆளை என்ன செய்வது? பேண்டு எங்கே நிற்கலாம் என்று காட்டுவதற்காக அவர் அவளைப் பின்பக்கம் அழைத்துப் போனார். நடுவில் அவருக்கு போன் வந்தது. நீங்கள் பாருங்கள் என்று சைகை காட்டிவிட்டு ஒதுங்கினார்.

பின்பக்கத் தாழ்வாரத்தில் எலெக்ட்ரீஷியன் அய்யாக்குட்டி உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு சாக்கு, கையில் டிரில்லிங் மெஷின். பட்டறைக் கவ்வியில் கந்தலைச் சுற்றி ஒரு கார்னெட்டை இறுக்கி வைத்திருந்தான். கரிச்சட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது. அதன் வளைவில் பேனாவால் புள்ளி வைத்திருந்தது. அங்கேதான் ஓட்டை விழ வேண்டும்.

"ஒரு நிமிசம் நில்லு" என்றாள்.

கவ்வியைத் தளர்த்திக் கார்னெட்டைக் கையில் எடுத்தாள். எடுத்ததுமே கனம் தெரிந்தது. மீரட் சரக்கு இப்படிக் கையில் உட்காராது. சேலைத் தலைப்பை நனைத்து வாய்ப் பக்கம் தேய்த்தாள். கறுப்புக்கு அடியில் வெள்ளி. வெள்ளி முலாம் போட்ட கருவி காற்றுப் பட்டால் இப்படித்தான் கறுக்கும். இன்னும் தேய்த்தபோது ஒரு நட்சத்திரமும் அதன் கீழே பொடி எழுத்தில் 'யூஸ்டன் ரோடு, லண்டன்' என்பதும் தெரிந்தது. பிழை இல்லை. எழுத்தின் வால்கூட எங்கே முடியவேண்டுமோ அங்கே முடிந்தது. நடு வால்வின் மேல் இருந்த எண்ணைப் பார்த்தாள். அந்த எண் வரிசை அவளுக்கு மனப்பாடம். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளில் செய்தது. கடைசியாக வால்வை அமுக்காமலே பக்கக் குழாயை இழுத்தாள். காற்றுக் கசியாத கருவியாக இருந்தால் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கவேண்டும். கேட்டது. நூற்று முப்பது வருஷத்துக்குப் பிறகும் புட்டியில் மூடி கழன்ற மாதிரி கேட்டது.

கார்னெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மனசுக்குள் கணக்கு ஓடியது. இது என்னவென்று விஜயசங்கரிடம் சொன்னால், கண்ணாடிப் பெட்டியில் பூட்டி, கீழே ஏதோ ஒரு மகாராஜா ஊதியதாகப் பலகை மாட்டுவார். சொல்லாவிட்டால் பத்து நிமிஷத்தில் ஓட்டை விழும். இரண்டில் எது அதிக அசிங்கம் என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

விஜயசங்கர் போனை வைத்துவிட்டு வந்து, அது நல்ல சாமானா என்று கேட்டார்.

"கறுத்துப் போயிருக்கு அண்ணாச்சி" என்றாள். அதில் பொய் இல்லை.

இருக்கிறதிலேயே மோசம் இதுதான், பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும் என்றார் அவர். கிறிஸ்டி போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். அவள் வீட்டில் பாதி அறையை அடைத்துக்கொண்டு கிடந்த சூசாஃபோன். ஆளைச் சுற்றி வளைத்துக்கொண்டு தலைக்கு மேல் அண்டா மாதிரி வாயைத் திறக்கிற கருவி. உதிரி பாகத்துக்காக வாங்கியது, ஊதினால் எல்லா மூட்டிலும் காற்று ஒழுகும். ஆனால் பளபளவென்று இருந்தது. வரவேற்பு மேசைக்கு மேலே இதைத் தொங்கவிட்டால் எடுப்பாக இருக்கும், இந்தக் கறுத்ததை எனக்குக் கொடுங்கள், பிள்ளைகளுக்கு வால்வு கழற்றிப் பழக்க ஆகும் என்றாள்.

விஜயசங்கரின் கண் விரிந்தது. "இம்புட்டுப் பெரிசுக்கு இந்தச் சின்னதா? ஒங்களுக்கு நட்டம்லா டீச்சர்" என்றார்.

"பரவாயில்ல அண்ணாச்சி."

திறப்பு விழாவுக்குப் பள்ளி நிர்வாகம் பிள்ளைகளை அனுப்பாது என்று அவள் இரண்டு நாள் கழித்து போனில் சொன்னாள். நிர்வாகத்தை அவள் கேட்கவே இல்லை.

கார்னெட்டை அவள் ஒரு வாரம் சுத்தம் செய்தாள். பெயின்டோ மெருகோ இல்லை, வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, மெல்லிய துணி. வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண்ணெய் விட்டு, அதனதன் இடத்தில் போட்டாள். கறுப்பை முழுக்க எடுக்கவில்லை. எடுத்தால் வெள்ளியும் சேர்ந்து போகும். பிறகு ஒரு சாயங்காலம், மேலகரத்தில் இருந்த தன் வீட்டின் பின்பக்கம் போய் நின்று ஊதினாள். அவள் அதுவரை ஊதிய கருவிகள் எல்லாம் தள்ளினால்தான் நகர்கிறவை. இது மூச்சு விட்டதும் பாடியது. சத்தம் உருண்டு, கனிந்து, மலைப்பக்கமாகப் போனது. அவளுக்குத் தெரிந்த ஞானப்பாட்டையெல்லாம் வரிசையாக வாசித்தாள். பாண்டியராஜ் கடையில் இருந்து வந்தவன் வண்டியை நிறுத்திவிட்டு வெளியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே வந்தபோது அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, காப்பி போடப் போனான்.

அச்சன்புதூர் சர்ச்சில் அசனப் பண்டிகை வந்தது. சபையார் எல்லாரும் பந்தியில் உட்காருவதற்கு முன்னால் கிறிஸ்டி கார்னெட்டில் ஒரு பாட்டு வாசித்தாள். சோற்றுக்குக் காத்திருந்த கூட்டம் பேச்சை நிறுத்தியது. யாரோ போனில் படம் பிடித்தார்கள்.

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அந்த வீடியோவைச் சேகரிப்பவர்கள் குழுவில் போட்டு, கூடவே நீளமாக ஒரு குறிப்பும் எழுதினாள். எங்கள் ஊரில் ஒரு விளக்குக்காரன் இருக்கிறான், பளபளப்பைத் தவிர அவனுக்கு எதுவும் கண்ணில் படாது, உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு கார்னெட்டைக் கொடுத்துவிட்டு ஒழுகுகிற சூசாஃபோனைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான் என்று எழுதினாள். ரிசார்ட்டின் வரவேற்பறைப் படத்தையும் சேர்த்துப் போட்டாள். நூற்றுக்கணக்கான பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அன்று மாலை முழுவதும் அவள் அதை மறுபடி மறுபடி எடுத்துப் படித்தாள்.

பாண்டியராஜுக்கு அதை வாசித்துக் காட்டியபோது அவன் சிரிக்கவில்லை.

"அவருக்குத் தெரியாம எடுத்துட்டு வந்த. அத ஊருக்கெல்லாம் வேற சொல்லுத" என்றான்.

"நான் என்ன திருடிட்டா வந்தேன்?"

"இல்ல. திருடுனவன் வெளிய சொல்ல மாட்டான்."

ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விஜயசங்கர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூட யாரும் இல்லை. திருவனந்தபுரத்தில் இருந்து ரிசார்ட்டில் வந்து தங்கிய ஒருத்தர், வரவேற்பறையைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, இது நீங்கள்தானா என்று அந்தக் குறிப்பைக் காட்டினாராம். ஆங்கிலத்தில் இருந்ததை அவரே தமிழில் படித்தும் சொன்னாராம். விஜயசங்கர் சத்தம் போடவில்லை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். பாண்டியராஜ் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுதான்" என்றார். "தெரிஞ்ச நீங்க சொல்லிருக்கலாம்லா டீச்சர். நான் கேட்டேனே, நல்ல சாமானான்னு."

கிறிஸ்டிக்குக் காது சூடானது. தப்பு தன் பக்கம் என்று தெரியத் தெரியத்தான் அவளுக்கு வீம்பு ஏறும்.

"சொன்னா பெட்டியில பூட்டுவீய. சொல்லாட்டா ஓட்ட போடுவீய. ரெண்டும் ஒண்ணுதான அண்ணாச்சி?"

"அத நாந்தான முடிவு பண்ணணும்?"

"ஊதத் தெரியாதவங்க என்னத்த முடிவு பண்ண? ஒரு சத்தம் வருமா ஒங்களுக்கு?"

பாண்டியராஜ் அவளைப் பார்த்தான். போதும் என்று அந்தப் பார்வை சொன்னது. அவள் உள்ளே போய்க் கார்னெட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு கையாலும் விஜயசங்கர் முன்னால் நீட்டினாள்.

"ஒரே ஒரு சுரம். சுத்தமா வந்துச்சுன்னா நீங்களே எடுத்துட்டுப் போங்க. சொன்ன சொல்லு மாற மாட்டேன்."

அவளுக்கு நிச்சயம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் சத்தம் வரவே வாரக்கணக்கில் ஆகும். வெறும் காற்றுதான் வரும், இல்லாவிட்டால் எச்சில் கொப்பளிக்கிற சத்தம் வரும். அறுபது வயசில், எண்ணெய்க் குளியலும் பிரியாணியுமாக இருக்கிற இந்த மனுஷனுக்கு என்ன வந்துவிடப் போகிறது.

விஜயசங்கர் கார்னெட்டைத் தலைகீழாகப் பிடித்தார். கிறிஸ்டி திருத்தவில்லை. பாண்டியராஜ்தான் எழுந்து சரியாகப் பிடித்துக் கொடுத்தான். முதல் தடவை காற்று மட்டும் போனது. இரண்டாவது தடவை எருமை செருமுவது மாதிரி ஏதோ வந்தது. கிறிஸ்டியின் முகத்தில் சிரிப்பு பரவியது, அவள் அதை மறைக்கவும் இல்லை. அவர் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வேட்டி நுனியால் உதட்டைத் துடைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது தடவை ஊதினார்.

வந்தது. நடு ஸ்தாயியில் ஒரு பஞ்சமம், உருண்டையாக, ஆடாமல், மூச்சு தீருகிற வரைக்கும் நின்றது. தெருவில் போன ஒருத்தர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

விஜயசங்கருக்கே நம்ப முடியவில்லை. கையில் இருந்ததையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கிறிஸ்டிக்கு உடனே புரிந்தது. அவருடைய திறமை இல்லை இது. நல்ல கருவி அப்படித்தான், யார் வாய் என்று பார்க்காது, கொஞ்சம் சரியாகக் கேட்டால் பதில் சொல்லிவிடும். சேகரிப்பவர்களுக்கெல்லாம் அவளே எத்தனை தடவை இதை எழுதியிருப்பாள். மீரட் ட்ரம்பெட்டைக் கொடுத்திருந்தால் அவர் ராத்திரி வரைக்கும் ஊதினாலும் வந்திருக்காது.

அதைச் சொல்லலாம்தான். இது கணக்கில் வராது, அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அப்படிச் சொல்லுகிறவர்களையும் அவள் தன் வாழ்நாள் முழுக்க இளக்காரமாகத்தான் பார்த்திருக்கிறாள்.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

அவர் தயங்கினார். வேண்டாம் டீச்சர், நான் சண்டைக்கு வரவில்லை, ஒரு வார்த்தை கேட்கத்தான் வந்தேன் என்றார். அந்தப் பெருந்தன்மையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பெட்டியைக் கொண்டுவந்து, கார்னெட்டைத் துடைத்து உள்ளே வைத்து, மூடி, அவர் கையில் திணித்தாள். ஓட்டை மட்டும் போட வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். அதையும் சொல்லவில்லை. சொன்னால் கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும்.

அவர் போன பிறகு பாண்டியராஜ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் ஏதாவது சொன்னால் எரிந்து விழலாம் என்று அவள் காத்திருந்தாள். அவன் விஜயசங்கர் குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். குழுவில் போட்ட குறிப்பை அன்றே அழித்தாள். அழித்ததற்கும் சிலர் காரணம் கேட்டார்கள். பதில் போடவில்லை.

மறுநாள் காலையில் லோடு ஆட்டோவில் சூசாஃபோன் திரும்பி வந்தது. ஓட்டை இல்லை, பெயின்ட் இல்லை. மாற்றிக்கொண்டது இல்லையென்று ஆன பிறகு இதை வைத்துக்கொள்வது முறையில்லை என்று முதலாளி சொன்னதாக டிரைவர் சொன்னான். கிறிஸ்டி அதை வாங்கி வைத்தாள். விஜயசங்கர் ஒரு ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

சீசன் களைகட்டியது. சாரல் விடாமல் தூறியது. ஐந்தருவி ரோட்டில் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. அந்தப் பக்கம் வேலை இல்லாவிட்டாலும் கிறிஸ்டி ஒரு நாள் ஸ்கூட்டரில் போனாள். ரிசார்ட் வாசலுக்கு எதிரே, பழக்கடைப் படுதாவுக்குக் கீழே ஒதுங்கினாள். கார்னெட் சுவரில் தொங்குகிறதா, வாயில் பல்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவது என்று நினைப்பு.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அதே சுரம். திரும்பத் திரும்ப அதே ஒன்று. ஆனால் இப்போது தட்டையாக, இழுத்துக்கொண்டு வந்தது. மங்குஸ்தான் அடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரி சங்கரம்மாள் அலுத்துக்கொண்டாள். முதலாளிக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது, தினமும் காலையிலும் சாயங்காலமும் இதுதான், தங்க வந்தவர்கள் சண்டை போடுகிறார்கள், அப்படியும் விடமாட்டேன் என்கிறார் என்றாள்.

கிறிஸ்டி காதைக் கொடுத்துக் கேட்டாள். கன்னத்தை உப்புகிறார். உதட்டை அழுத்துகிறார். இப்படியே போனால் அடுத்த சீசனுக்கும் அடுத்த சுரம் வராது. வால்வில் என்ன எண்ணெய் விடுகிறாரோ, தேங்காயெண்ணெயாகக்கூட இருக்கும்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் பாண்டியராஜிடம் சொல்லிச் சொல்லித் திட்டினாள்.

"போய்ச் சொல்லிட்டு வாயேன்" என்றான்.

"எனக்கு என்ன வந்துச்சு?"

சனிக்கிழமை போனாள். விஜயசங்கர் எழுந்து நின்றார், டீ சொல்லவா என்றார். வேண்டாம் என்றாள். உட்காரவும் இல்லை. மேசை மேல் இருந்த கார்னெட்டை எடுத்து, வால்வைக் கழற்றி முகர்ந்து பார்த்தாள். தேங்காயெண்ணெய்தான். சாமானை இப்படி நாசம் பண்ணுகிறீர்களே என்று அங்கே இருந்தவர்கள் முன்னாலேயே ஏசினாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். துடைத்து, தன் பையில் இருந்த எண்ணெயை விட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

"கன்னத்த உப்பாதீய. உதட்டு ஓரத்த இறுக்குங்க. மூச்சு வயித்துல இருந்து வரணும்."

அவர் ஊதினார். உப்பினார். நிறுத்தச் சொன்னாள். மறுபடி ஊதினார். அரை மணி நேரம் போல ஆனபோது, பழைய சுரத்துக்கு மேலே இன்னொன்று எட்டிப் பார்த்தது. ஓரம் கிழிந்து, நடுங்கி, உடனே செத்துப்போனது. விஜயசங்கர் முகம் பூரா சிரிப்பாக அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லால்ல" என்றாள் கிறிஸ்டி. அதைச் சொல்ல அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.